மூன்று சாவி கைமாறிய திங்கட்கிழமை

ஹேசல் டக்ஸ்பரிக்கு எடுத்த வேலையைப் பாதியில் விடத் தெரியாது. நெல்சன் ஊர் பஸ் டிப்போவில் அவளோடு இருபத்திரண்டு வருடம் பஸ் ஓட்டியவர்கள் இதைப் பாராட்டாகவும் சொல்வார்கள், புகாராகவும் சொல்வார்கள். ஒரு ஜனவரியில் பனி கொட்டி, கோன் ஊருக்கு ஏறும் மேட்டில் எல்லா பஸ்களும் நின்றுபோயின. மற்ற ஓட்டுநர்கள் வண்டியைப் பூட்டிவிட்டு நடையைக் கட்டினார்கள். ஹேசல் ஒரு வீட்டுக் கதவைத் தட்டி மண்வாரி இரவல் வாங்கி, சக்கரத்துக்கு முன்னால் பனியை வாரிக் கொட்டி, பதினேழு பேரையும் கடைசி நிறுத்தத்தில் கொண்டுபோய் இறக்கினாள். மறுநாள் மேலாளர் கூப்பிட்டு எதற்கு இந்த வம்பு என்று கேட்டபோது, கடைசி நிறுத்தத்தின் பெயர்தான் முன் பலகையில் எழுதியிருந்தது என்று மட்டும் சொல்லிவிட்டு வந்தாள்.

அவள் புருஷன் ட்ரெவர், கூரை வேய்கிறவன். ஸ்லேட் கல்லைக் கையில் வாங்கிச் சுண்டிப் பார்த்தே அது எத்தனை மழைக்குத் தாங்கும் என்று சொல்லிவிடுவான். முப்பது வருடம் ஏணியில் ஏறி இறங்கியவன், ஒரு நாளும் விழுந்ததில்லை. ஐம்பத்தைந்தாம் வயதில், மார்ச் மாதத்து வியாழக்கிழமை காலை, ஒரு சாப்பாட்டுக் கடையில் முட்டையும் பீன்ஸும் தின்றுகொண்டிருக்கையில் நாற்காலியிலிருந்து சரிந்தான். பக்கவாதம். வலது கை செத்தது போலத் தொங்கியது. வலது கால் பாதிதான் பேச்சைக் கேட்டது. ஒன்பது வாரம் ஆஸ்பத்திரியில் கிடந்துவிட்டு வீட்டுக்கு வந்தான்.

வீடு நெல்சனிலேயே, மூன்றாம் மாடியில் இருந்தது. நகர நிர்வாகமான கவுன்சில் வாடகைக்கு விடக் கட்டிய பழைய கட்டடம், லிஃப்ட் கிடையாது, ஐம்பத்திரண்டு படிகள். கல்யாணமான புதிதில் கீழ் வீடு, மேல் வீடு இரண்டையும் காட்டியபோது மேல் வீட்டைத் தேர்ந்தெடுத்தவன் ட்ரெவர்தான். தலைக்கு மேல் யாரும் இருக்கக்கூடாது, கண்ணுக்கு எதிரே எதுவும் மறைக்கக்கூடாது என்பது அவன் கொள்கை. சமையலறை ஜன்னலில் நின்றால் பெண்டில் மலை முழுசாகத் தெரியும். அதற்கு முன்னால் ஊரின் கூரைகள் படிப்படியாக இறங்கிப் போகும். அதில் அவன் போட்டவை எவை என்று விரல் நீட்டிச் சொல்வான்.

ஆம்புலன்ஸ் ஆட்கள் இரண்டு பேர் அவனை நாற்காலியில் கட்டி மேலே தூக்கி வந்தார்கள். மூச்சு வாங்கியபடி, "இனி நல்லபடியா இருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்கள். அதற்குப் பிறகு பதினான்கு மாதத்தில் அவன் கீழே வந்தது இரண்டே முறை. இரண்டும் ஆஸ்பத்திரிக்கு, இரண்டும் அதே நாற்காலியில்.

ஹேசல் கவுன்சில் வீட்டுவசதி அலுவலகத்தில் தரைத்தளத்து வீடு கேட்டு எழுதிப்போட்டாள். பதிவு செய்துகொண்டார்கள். மூன்று வருடம் ஆகலாம், நான்கும் ஆகலாம் என்றார்கள். அதுவரை என்ன செய்வது என்று கேட்டாள்.  அவர்களும் பாவம், கேட்பவர்கள் நூறு பேர், காலியாகிற வீடு ஒன்று.

வழி சொன்னவள் டிப்போவில் கூட வேலை செய்யும் கிளெண்டா. தன் தங்கை அப்படித்தான் லீட்ஸுக்குப் போனாள் என்றாள். கவுன்சில் வீட்டிலோ, வீட்டுவசதிச் சங்கத்தின் வீட்டிலோ வாடகைக்கு இருப்பவர்கள் தங்களுக்குள் வீட்டை மாற்றிக்கொள்ளலாம். சட்டம் இடம் கொடுக்கிறது, வீட்டுக்குச் சொந்தமான கவுன்சிலோ சங்கமோ எழுத்தில் சம்மதம் தந்தால் போதும். அதற்கென்றே இணையத்தில் ஒரு தளம் இருக்கிறது. நம் வீட்டைப் போட்டு, நமக்கு எப்படிப்பட்ட வீடு வேண்டும் என்று எழுதினால், பொருத்தமானவர்களைக் காட்டும்.

"பொண்ணு பாக்கற மாதிரிதான்" என்றாள் கிளெண்டா. "போட்டோவைப் பாத்து மயங்கிடாத. நேர்ல போய்க் குழாயைத் திறந்து பாரு."

அன்று மாலையே ஹேசல் பதிவு செய்தாள். மற்றவர்கள் எழுதியிருந்ததைப் படித்துப் பார்த்தாள். எல்லோரும் அழகான வீடு, அமைதியான தெரு, அருமையான அக்கம்பக்கம் என்று எழுதியிருந்தார்கள். அவ்வளவு அருமை என்றால் ஏன் கிளம்புகிறார்கள் என்று அவளுக்குத் தோன்றியது. அவள் இப்படி எழுதினாள்: "மூன்றாம் மாடி. லிஃப்ட் இல்லை. ஐம்பத்திரண்டு படி, எண்ணிப் பார்த்திருக்கிறேன். இரண்டு படுக்கையறை. குளியலறைக் கதவு மழைக்காலத்தில் இறுகும், தோளால் தள்ள வேண்டும். மலை தெரியும். மேலே யாரும் கிடையாது. எங்களுக்குத் தேவை படி இல்லாத வீடு, பஸ் டிப்போவிலிருந்து ஆறு மைலுக்குள்."

ஒன்பது மாதம் போயிற்று. எழுதியவர்கள் பதினெட்டுப் பேர், பார்க்க வந்தவர்கள் நான்கு பேர். இரண்டு பேர் வாசலில் நின்று படிக்கட்டை அண்ணாந்து பார்த்துவிட்டு அப்படியே திரும்பினார்கள். ஒரு அம்மாள் இரண்டாம் மாடி வரை ஏறி, அங்கேயே உட்கார்ந்து, ஹேசல் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்துவிட்டு நன்றி சொல்லி இறங்கிப் போனாள். பர்ன்லியிலிருந்து வந்த ஒருவர் எல்லாம் பிடித்திருக்கிறது என்று கை குலுக்கி, தன் தரைத்தளத்து வீட்டையும் காட்டி, படிவம் நிரப்பும் நாளும் குறித்தார். அந்த நாளில் அவர் மனைவி தொலைபேசியில் பேசினாள். வீடு மாற்றும் விஷயமே அன்று காலையில்தான் அவள் காதுக்கு வந்ததாம்.

ஹேசல் அன்றைக்கு ஒரு கெட்ட வார்த்தை சொன்னாள். பிறகு தேநீருக்குக் கெட்டிலைப் போட்டாள். பிறகு மறுபடி கணினி முன்னால் உட்கார்ந்தாள்.

அப்போதுதான் அவளுக்கு ஒன்று பிடிபட்டது. தரைத்தளத்தில் இருப்பவன் எவனும் மூன்றாம் மாடிக்கு வர ஆசைப்பட மாட்டான். ஆனால் தரைத்தளத்தில் இருப்பவன் வேறொரு வீட்டுக்கு ஆசைப்படலாம். அந்த வேறொரு வீட்டில் இருப்பவருக்கு மூன்றாம் மாடி பிடிக்கலாம். இரண்டு பேர் நேருக்கு நேர் மாற்றிக்கொள்ளத்தான் வேண்டும் என்று எந்த விதியும் இல்லை. மூன்று பேர் வட்டமாகவும் மாறலாம். அவள் டிப்போவின் பழைய வேலை அட்டவணை ஒன்றைத் திருப்பிப் போட்டு, பின்பக்கத்தில் பெயர்களை எழுதி அம்புக்குறி போட ஆரம்பித்தாள். பஸ் ஓட்டுபவளுக்கு இது புதிதல்ல. ஒரு வண்டி பர்ன்லியிலிருந்து கிளம்பினால்தான் கோனிலிருந்து வரும் இன்னொன்றுக்கு அங்கே நிற்க இடம் கிடைக்கும். அதே கணக்குதான்.

ஐந்து வாரம் அம்புக்குறி போட்டு அழித்துப் போட்டு, கடைசியில் இரண்டு பேரைப் பிடித்தாள்.

ஒருவர் வில்ஃப் பில்லிங். எழுபத்தொரு வயது, பக்கத்து ஊரான பாரோஃபர்டில் மாடியில்லாத சின்ன வீடு. வாசலில் சாய்தளம், அகலமான கதவுகள், வாசற்படி இல்லாத குளியலறை. எல்லாம் அவர் மனைவி மியூரியலின் சக்கர நாற்காலிக்காக அவருடைய வீட்டுவசதிச் சங்கம் செய்துகொடுத்தது. மியூரியல் இறந்து ஆறு வருடமாகிவிட்டது. வில்ஃபுக்கோ இன்னும் வாரம் இரண்டு முறை மலை ஏறும் கால்கள். மகள் ஸ்கிப்டனில் இருக்கிறாள், அவள் பக்கம் போக வேண்டும் என்று எழுதியிருந்தார்.

ஹேசல் பார்க்கப் போனாள். வில்ஃப் கதவைத் திறந்து ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "நீங்கதானா அந்தக் குளியலறைக் கதவு? உள்ள வாங்க" என்றார். வீடு முழுக்கக் காட்டினார். சமையல் மேடை இடுப்புக்கும் கீழே தாழ்வாக இருந்தது, உட்கார்ந்தபடி சமைப்பதற்காக.

"இதை ஏத்தச் சொல்லியிருக்கலாமே?" என்று கேட்டாள்.

"சொன்னா ஏத்தித் தருவாங்க." வில்ஃப் மேடையைத் துணியால் துடைத்தார். துடைக்க அதில் ஒன்றும் இல்லை. "ஆறு வருஷமா குனிஞ்சுதான் உருளைக்கிழங்கு உரிக்கிறேன். இது அவ உயரம். அதான் சொல்லலை. இப்ப முதுகு சொல்லுது, போதும்டான்னு."

இன்னொருத்தி நுஸ்ரத் மஹ்மூத். ஸ்கிப்டனில் ஒற்றைப் படுக்கையறை வீட்டில் பதினாறு வயது மகளோடு இருந்தாள். இரவு முழுக்க முதியோர் வார்டில் வேலை. பகலில் வந்து, மகள் பள்ளிக்குப் போனபின் சோபாவில் படுப்பாள். மேல் வீட்டில் மூன்று குழந்தைகள், ஒரு நாய். அவளுக்குத் தேவை இரண்டு அறை, நெல்சனில் இருக்கும் அக்காவுக்குப் பக்கத்தில், தலைக்கு மேல் காலடிச் சத்தம் இல்லாமல்.

அவள் வேலை முடிந்த கையோடு ஒரு காலையில் வந்தாள். ஐம்பத்திரண்டு படியையும் நிற்காமல் ஏறினாள். சின்ன படுக்கையறையைப் பார்த்தாள், பெரியதைப் பார்த்தாள், கதவைத் தோளால் தள்ளிப் பார்த்தாள். ஹேசல் பேச வாயெடுத்தபோது கையை உயர்த்தி, "கொஞ்சம் பேசாம இருங்களேன்" என்றாள். பிறகு பெரிய படுக்கையறை நடுவில் கண்ணை மூடிக்கொண்டு நின்றாள். ஒரு நிமிடம் இல்லை, ஐந்து நிமிடம். நின்றபடியே தூங்கிவிட்டாளோ என்று ஹேசலுக்குச் சந்தேகம் வந்துவிட்டது.

"மேல யாரு?" என்று கண்ணைத் திறக்காமலே கேட்டாள்.

"மழை மட்டுந்தான்."

"அப்ப சரி" என்றாள் நுஸ்ரத்.

மூன்று வீடு, மூன்று உரிமையாளர்கள், மூன்று விண்ணப்பம். சம்மதமோ மறுப்போ அவர்கள் நாற்பத்திரண்டு நாளுக்குள் சொல்லியாக வேண்டும். ஹேசலின் வீட்டைக் கவுன்சில் வந்து பார்த்துவிட்டுச் சரி என்றது. நுஸ்ரத்தின் சங்கமும் சரி என்றது. இருபத்தாறாம் நாள் வில்ஃபின் சங்கத்திலிருந்து கடிதம் வந்தது. அது ஊனமுற்றவருக்காக மாற்றிக் கட்டிய வீடு. அப்படிப்பட்ட தேவை உள்ளவர் ஒருவர் குடிவந்தால்தான் கொடுக்க முடியும். ட்ரெவருக்குத் தேவை இருக்கிறது என்று, நோயாளி வீட்டில் நடமாட என்னென்ன வேண்டும் என அளந்து சொல்லும் சிகிச்சையாளர் சான்று தர வேண்டும். இல்லையேல் மறுப்பு. அந்தச் சிகிச்சையாளர் வந்து பார்க்க ஐந்து மாதம் ஆகும் என்று தெரிந்தது.

சங்கத்தின் அலுவலகம் பஸ் நிலையத்துக்கு எதிரே இருந்தது. ஹேசலுக்கு மதிய இடைவேளை நாற்பது நிமிடம். மறுநாளிலிருந்து அவள் சீருடையோடு அங்கே போய், வரவேற்பறை நாற்காலியில் உட்கார்ந்து சாண்ட்விச்சைப் பிரித்தாள். கத்தவில்லை, யாரையும் மிரட்டவில்லை. ஒவ்வொரு நாளும் ஒரே கேள்வியைக் கேட்டாள்: இன்றைக்கு ஏதாவது வழி இருக்கிறதா? நான்காம் நாள் காஸ்கின் என்ற அதிகாரி உள்ளேயிருந்து வந்து எதிரே உட்கார்ந்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே, புதிதாக ஒருவர் வந்து அளக்க வேண்டும் என்று விதியில் எங்கும் இல்லை, பழைய அறிக்கை இருந்தாலும் செல்லும் என்றாள். ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போது யாராவது அவரை நடக்கவைத்துப் பார்த்தார்களா என்று கேட்டாள்.

பார்த்திருந்தார்கள். ஹேசலுக்கு நினைவு வந்தது. டேப்போடு வந்த ஒரு பெண், கட்டில் உயரத்தைக்கூட அளந்துகொண்டு போனாள். ஹேசல் ஆஸ்பத்திரிக்குப் பேசினாள். அறிக்கை கோப்பில்தான் இருந்தது. யாரும் கேட்கவில்லை, அதனால் யாரும் கொடுக்கவில்லை. ஆனால் கொடுக்க வேண்டுமானால் நோயாளியே கையெழுத்துப் போட்டுக் கேட்க வேண்டும்.

ட்ரெவர் போடமாட்டேன் என்றான்.

இதுவரை அவன் இதில் எதுவும் பேசியதில்லை. அவள் வீடு வீடாகப் பார்த்து வந்து சொல்வதை ஜன்னலைப் பார்த்துக்கொண்டே கேட்பான். நடக்காது என்று நினைத்திருந்தான் போலும். இப்போது படிவம் மேசைமேல் இருந்தது. வார்த்தைகள் அவனுக்கு ஒவ்வொன்றாகத்தான் வரும்.

"நான் வரலை, ஹேஸ். இங்க இருந்தா நான் போட்ட கூரை நாப்பத்தொண்ணு தெரியுது. கீழ போனா என்ன தெரியும்? பக்கத்து வீட்டுக்காரன் குப்பைத்தொட்டி." கொஞ்சம் மூச்செடுத்தான். "எனக்கு இங்க ஒரு கஷ்டமும் இல்லை."

ஹேசல் அடுப்பை அணைத்துவிட்டு வந்து எதிரில் உட்கார்ந்தாள். பதினான்கு மாதமாக அவனிடம் சொல்லாத ஒன்றை அன்று சொன்னாள்.

"உனக்குக் கஷ்டம் இல்லை, தெரியும். நான் ரோட்டுல போறப்ப சைரன் கேட்டா பஸ்ஸை ஓரங்கட்டறேன் இல்ல? தீயணைப்பு வண்டி தாண்டிப் போயிடும். மத்த டிரைவர்லாம் உடனே எடுத்துருவாங்க. நான் எடுக்க மாட்டேன். அது எந்தப் பக்கம் திரும்புதுன்னு பாப்பேன். நம்ம வீட்டுப் பக்கம் திரும்பலைன்னு தெரிஞ்சப்புறம்தான் கியரைப் போடுவேன். ஜனங்க பின்னாடி முணுமுணுப்பாங்க. தினமும் இதே கதை, ட்ரெவ். பதினாலு மாசமா."

அவன் படிவத்தை இடது கையால் தள்ளி வைத்தான்.

"இது உனக்காகன்னு நெனச்சுட்டு இருக்க. எனக்காக. நான் போறேன். அலமாரியை எப்படியும் எறக்கித்தான் ஆகணும், நீயும் அதோட வரலாம். வரலைன்னா வர்ற நுஸ்ரத்தோட இருந்துக்க. அவ பகல்ல தூங்கறவ, சத்தம் போடாம இரு."

எழுந்து போய் உருளைக்கிழங்கை மசித்தாள். இருவரும் சாப்பிட்டார்கள். தட்டை அவள் எடுக்கும்போதுதான் அவன் வாயைத் திறந்தான்.

"பேனா எங்க?"

இடது கையால் போட்டான். பள்ளிக்கூடத்தில் முதல் வகுப்புப் பிள்ளை போட்டது மாதிரி இருந்தது கையெழுத்து. முப்பத்தெட்டாம் நாள் அறிக்கை வந்தது. மூன்று பக்கம். இரண்டாம் பக்கத்தில், இவர் தரைத்தளத்துக்கு மேல் வசிப்பது பாதுகாப்பானதல்ல என்று தெளிவாக எழுதியிருந்தது. காஸ்கின் அதை அங்கேயே நின்று படித்துவிட்டு, நகல் எடுக்கப் போனாள். நாற்பதாம் நாள் சம்மதம் கிடைத்தது.

திங்கட்கிழமை மாறுவது என்று மூன்று பேரும் கையெழுத்திட்டார்கள். உள்ளதை உள்ளபடி ஏற்கிறேன், பிறகு குழாய் ஒழுகுகிறது, தரை பெயர்ந்தது என்று வரமாட்டேன் என்பதற்கும் சேர்த்துத்தான் அந்தக் கையெழுத்து. இனி ஒரே ஒரு சிக்கல்தான் இருந்தது. மூன்று வீட்டிலும் ஆள் இருந்தது, சாமான் இருந்தது. முதலில் யார் காலி செய்வது? ஒருவர் வீடு காலியானால்தான் இன்னொருவர் நுழைய முடியும். ஹேசல் பஸ் அட்டவணை போடுவதுபோலவே போட்டாள். எட்டு மணிக்கு ட்ரெவரை இறக்குவது. ஒன்பதரைக்குள் மூன்று வண்டியிலும் சாமான் ஏறியிருக்க வேண்டும். பத்து மணிக்கு மூன்றும் ஒரே நேரத்தில் கிளம்ப வேண்டும். ஆளுக்கொரு தாள் கொடுத்தாள். அதைப் பார்த்துவிட்டு, தேநீர் குடிக்க நேரம் போடவில்லையே என்று வில்ஃப் ஃபோனில் கேட்டார். ஏழே முக்காலுக்குக் குடித்துக்கொள்ளச் சொன்னாள்.

திங்கட்கிழமை எட்டு மணிக்கு கிளெண்டாவும் டிப்போவின் இன்னும் இரண்டு ஓட்டுநர்களும் தூக்கும் நாற்காலியோடு வந்து நின்றார்கள். ட்ரெவர் கோட்டு போட்டு, தொப்பி வைத்து, தயாராக இருந்தான். வாசல்வரை ஊன்றுகோலோடு தானே நடந்து வந்தான். நாற்காலியைப் பார்த்தான்.

"வேண்டாம்" என்றான்.

ஹேசல், கடைசி நேரத்தில் முரண்டு பிடிக்கிறான் என்று நினைத்தாள். ஆனால் அவன் திரும்பி உள்ளே போகவில்லை. கைப்பிடியை இடது கையால் பிடித்து, மெல்லக் குனிந்து, மேல்படியில் உட்கார்ந்தான். இறங்கும்போது கைப்பிடி இடப்பக்கம் இருந்தது அவன் அதிர்ஷ்டம். இடது காலை அடுத்த படிக்கு இறக்கினான். வலது காலைக் கையால் தூக்கி அதன் பக்கத்தில் வைத்தான். மறுபடி கைப்பிடியைப் பிடித்து, உட்கார்ந்தபடியே ஒரு படி சறுக்கினான். அங்கேயே மூச்சு வாங்கினான்.

"மூட்டையா எறங்க மாட்டேன்" என்றான். "இது நான் ஏறுன படி."

எட்டு பத்து. கிளெண்டா ஹேசலைப் பார்த்தாள். ஹேசல் தன் தாளைப் பார்த்தாள். படிக்கட்டோ ஒரு ஆள் அகலம்தான். அவன் உட்கார்ந்திருக்கும்வரை அலமாரியும் போகாது, கட்டிலும் போகாது, தேநீர்க் கோப்பை ஒன்றுகூடப் போகாது. அவள் தாளை மடித்துப் பையில் வைத்தாள். அவனுக்குப் பின்னால் வந்து உட்கார்ந்து, அவன் இடுப்புப் பெல்ட்டை இரண்டு கையாலும் பற்றிக்கொண்டாள்.

"ரெண்டாவது" என்றாள்.

இரண்டாம் மாடிக்கு வர அரை மணி. அந்த மாடியில் குடியிருந்த மிஸஸ் ஹோரக்ஸ் சத்தம் கேட்டுக் கதவைத் திறந்து பார்த்தாள். ஒன்றும் கேட்காமல் உள்ளே போய் ஒரு மெத்தைத் திண்டைக் கொண்டுவந்து அவனுக்குக் கொடுத்தாள். கீழே போனதும் வாசலிலேயே வைத்துவிடச் சொன்னாள்.

வழியில் ஹேசலின் ஃபோன் நான்கு முறை அடித்தது. நான்கும் வில்ஃப்தான். சாமான் எல்லாம் வண்டியில், சாவி கையில், தான் தூறலில் நிற்பதாகச் சொன்னார். நின்றுகொண்டிருங்கள் என்றாள். நான்காவது அழைப்பில் விஷயத்தைச் சொன்னாள். அவர், "அப்படின்னா அவசரமே இல்லை. நான் மறுபடி தேநீர் போடறேன், கெட்டில் சாமானுக்கு மேலதான் இருக்கு" என்றார்.

எல்லாரும் நேரத்துக்கு நடக்கிறார்கள் என்ற நம்பிக்கையில் நுஸ்ரத் மட்டும் ஒன்பது மணிக்கே ஸ்கிப்டனைவிட்டுக் கிளம்பி வந்துவிட்டாள். இரவு முழுக்க விழித்த கண். சாமானோடு அவள் தம்பியின் வண்டி வாசலில் நின்றது. படியேறி வந்தவள், முதல் மாடித் திருப்பத்தில் ட்ரெவரைப் பார்த்தாள். அவன் முகம் வெளுத்து, சட்டை நனைந்து, இடது கையால் வலது காலைத் தூக்கிக்கொண்டிருந்தான். இன்னும் பதினேழு படி இருந்தது.

"மன்னிச்சுக்க, கண்ணு" என்றாள் ஹேசல். "லேட்டாயிடுச்சு."

நுஸ்ரத் அவனுக்கு இரண்டு படி கீழே அவன் பக்கம் திரும்பி உட்கார்ந்தாள். அவன் வலது பாதத்தைத் தன் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டாள்.

"கையால காலைத் தூக்காதீங்க, ட்ரெவர். கை பிடிக்க மட்டும் இருக்கட்டும். காலை நான் பாத்துக்கறேன். ராத்திரி பன்னெண்டு காலைத் தூக்கி வெச்சுட்டு வந்திருக்கேன், இது பதிமூணாவது."

ட்ரெவர் அவளைப் பார்த்தான். அவன் முகத்தில் பாதிதான் சிரிக்கும், அந்தப் பாதி சிரித்தது. அதற்குப்பிறகு வேகம் கூடியது. மேலே ஒருத்தி பெல்ட்டைப் பிடிக்க, கீழே ஒருத்தி பாதத்தை ஏந்த, நடுவில் அவன். ஒன்பது ஐம்பதுக்குத் தரையில் கால் வைத்தான்.

"எத்தனை?" என்றான்.

"ஐம்பத்திரண்டு."

"நான் ஐம்பத்தொண்ணுதான் எண்ணினேன்."

"அப்ப மேல போய் மறுபடி எண்ணிட்டு வா" என்றாள் ஹேசல். சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பிக்கொண்டு கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அவனைக் காரில் உட்கார வைத்தார்கள். பிறகு அலமாரி இறங்கியது, கட்டில் இறங்கியது. ஓட்டுநர்கள் மூன்று பேரும் நுஸ்ரத்தின் தம்பியும் சேர்ந்து, ஹேசலின் சாமானை இறக்கும் கையோடு நுஸ்ரத்தின் சாமானை ஏற்றினார்கள். படியில் வெறுங்கையோடு ஒரு நடைகூட நடக்கவில்லை. அட்டவணைப்படி நடந்திருந்தால் இந்த யோசனை வந்திருக்காது. மத்தியானம் ஒன்றரைக்குப் பாரோஃபர்டில் வில்ஃப் சாவியைக் கொடுத்தார். வீட்டைச் சூடாக்கும் கொதிகலன் எந்தச் சத்தம் போட்டால் பயப்பட வேண்டும், எந்தச் சத்தத்துக்கு வேண்டாம் என்று கால்மணி நேரம் விளக்கினார். பிறகு ஒருமுறை உள்ளே போய்விட்டு வருகிறேன் என்றார். ஹேசல் வெளியிலேயே நின்றாள். அவர் வெளியே வந்ததும் ஸ்கிப்டனுக்கு வண்டி ஏறினார். இருட்டுவதற்குள் மூன்று வீட்டிலும் கட்டில் போட்டாகிவிட்டது.

மூன்று பேருக்கும் எல்லாமே இனித்தது என்று சொல்ல முடியாது. நுஸ்ரத்தின் மகளுக்குப் பள்ளி தூரமாகிவிட்டது, தினமும் ஒரு மணி நேரம் பஸ், அதற்காக இரண்டு மாதம் அம்மாவோடு முகம் கொடுத்துப் பேசவில்லை. ஸ்கிப்டனில் மேல் வீட்டு நாய் குரைப்பது வில்ஃபுக்குக் கேட்பதில்லை, காதுக் கருவியைக் கழற்றிவிடுகிறார். ஆனால் மலைக்குப் போக அந்த நாயையே துணைக்கு அழைத்துப் போகிறார் என்று கேள்வி. ஹேசலுக்குத் தாழ்ந்த மேடையில் பாத்திரம் கழுவி முதுகு போய்விட்டது. அதனால் சமையலறையை ட்ரெவரிடம் விட்டுவிட்டாள். அவன் புதிதாகக் கிடைத்த சக்கர நாற்காலியை மேடைக்கு அடியில் செருகிக்கொண்டு, பலகையில் ஆணியடித்து அதில் உருளைக்கிழங்கைக் குத்தி நிறுத்தி, ஒற்றைக் கையால் தோலுரிக்கக் கற்றுக்கொண்டான். முதல் மாதம் எல்லாமே சதுரமாக வந்தது. கூரை கிடையாது, மலை கிடையாது என்று முதல் சில வாரம் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். பிறகு சாய்தளத்தில் இறங்கித் தெருமுனைக் கடைவரை போய் வர ஆரம்பித்தான். அரை மணியில் திரும்பவேண்டியவன் இரண்டு மணி நேரம் கழித்து வருவான். தெருவில் யார் வீட்டுக் கூரை ஒழுகுகிறது, எந்த ஏமாற்றுக்காரன் அதைப் போட்டான் என்பதெல்லாம் அவனுக்கு அத்துப்படி ஆயிற்று.

சைரன் கேட்டால் ஹேசல் இன்னும் பஸ்ஸை ஓரங்கட்டுகிறாள், எல்லாரையும் போல. வண்டி தாண்டியதும் எடுத்துவிடுகிறாள். இதை அவளே கவனிக்கவில்லை, கிளெண்டா சொல்லித்தான் தெரியும்.

செப்டம்பரில் கிளெண்டா, கடற்கரை ஊரான பிளாக்பூலுக்கு இரண்டு நாள் போகலாமா என்று கேட்டாள். ஹேசல் வழக்கம்போல முடியாது என்று சொல்ல வாயெடுத்தாள். எதற்கு முடியாது என்று யோசித்தாள். காரணம் ஒன்றும் கிடைக்கவில்லை. ஒன்றரை வருடத்தில் முதன்முறையாக ஒரு சிறிய பெட்டியில் தன் துணிகளை மட்டும் அடுக்கினாள். ட்ரெவருக்கு ஒரு பெரிய பட்டியல் எழுதி மேசைமேல் வைத்தாள். அவன் அதைப் படிக்காமல் மடித்து, ஆடும் மேசைக்காலுக்கு அடியில் செருகினான்.

முதல் நாள் சாயங்காலம் கடற்கரையோரம் சிப்ஸ் தின்றுகொண்டிருக்கும்போது ஃபோன் அடித்தது. அவன்தான். அவள் பதறி எழுந்தாள், மடியிலிருந்த சிப்ஸ் கீழே விழுந்து கடற்பறவைகளுக்குப் போயிற்று.

"டின் ஓப்பனரை எங்க வெச்சிருக்க?" என்றான்.

இரண்டாவது இழுப்பறையில் என்றாள். சரி என்று சொல்லி ஃபோனை வைத்துவிட்டான்.